உள்ளே ஆள் இருக்கு

ஏட்டம்மாவுக்கு ஒரு வித்தை தெரியும். முதுகு வளையாமல், தலை சாயாமல், தொப்பி இம்மிகூட நகராமல் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். நின்றுகொண்டும் தூங்குவாள். பெரிய மனிதர்களின் கார் போகும் சாலையோரத்தில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் விறைப்பாக நிற்பதைப் பார்த்து, "என்ன ஒரு கடமை உணர்ச்சி!" என்று மெச்சியவர்கள் உண்டு. கடமையாவது உணர்ச்சியாவது! பாவம், அவள் அப்போது கனவில் வீட்டுத் துணியை அலசிக்கொண்டிருப்பாள். அந்த வித்தையை ஸ்டேஷன்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. பகல் வேலை முடிந்து கிளம்புகிற நேரம் பார்த்து, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ராத்திரியும் பார்த்துடும்மா, ஆள் இல்ல" என்பார்கள். அந்த 'ஒரு நாள் மட்டும்' அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து முடிந்தபாடில்லை.

அவள் கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதையும் கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள். "மத்தவங்க பொண்டாட்டி தூங்கினா குறட்டை வரும். என் பொண்டாட்டி தூங்கினா சல்யூட் வருது" என்பான். சிரிப்பான். பிறகு அவள் கால் வீக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு வெந்நீர் வைக்கப் போவான்.

அந்த ஸ்டேஷனில் இருக்கவேண்டிய போலீஸ்காரர்களில் பாதிப்பேர் காகிதத்தில்தான் இருந்தார்கள். மீதிப் பாதியில் ஒருத்தர் கோர்ட்டே கதி என்று கிடப்பார். ஒருத்தர் மேலதிகாரி வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டு நாயை நடத்திக்கொண்டு போய்வருவார். இன்னொருத்தர் எப்போதும் விடுப்புக்கு எழுதிப்போட்டு, கிடைக்காமல், சும்மாவே சிடுசிடுவென்று இருப்பார். மிஞ்சியது ஏட்டம்மா. திருட்டா, புருஷன் பெண்டாட்டி சண்டையா, காணாமல் போன மாடா, எதுவானாலும் "ஏட்டம்மாவைக் கூப்பிடு".

பஸ் நிலையத்துக்கு எதிர்முனையில் ஒரு போலீஸ் பூத் இருந்தது. ஒரே ஒரு அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்து ஒரு பால் கண்ணாடி ஜன்னல். உள்ளே இருப்பவர் வெளியே நிழலாகத்தான் தெரிவார். கட்டித் திறந்துவைத்த நாளில் அதில் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட பெரியவர்கள், உட்கார ஆள் தர மட்டும் மறந்துவிட்டார்கள். சதா பூட்டிக் கிடந்த அந்த பூத்தின் வாசல்படிதான் விசிலன் கோஷ்டிக்கு அரண்மனை.

விசிலன் என்பது அவன் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. போகிற வருகிற பெண்களைப் பார்த்து அவன் அடிக்கிற விசிலுக்காக ஊர் வைத்தது. கூட நாலைந்து தடியன்கள். பொழுது சாய்ந்தால் போதும், பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குடித்த பாட்டிலைச் சுவரில் அடித்து உடைப்பார்கள். மூடின கடைகளின் ஷட்டரில் சிறுநீர் கழிப்பார்கள். பைக்கை உறுமவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கிற கிழவர்களைத் துள்ள வைத்துச் சிரிப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம்தான். வழக்குப் போடப் போனால் கோர்ட்டே கொட்டாவி விடும். ஆனால் அந்த முனையில் தினமும் நின்று பிழைக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமா? நரகம்.

அப்படிப் பிழைத்தவர்களில் ஒருத்தி பழக்காரம்மா. தள்ளுவண்டியில் ஆரஞ்சும் ஆப்பிளும் விற்பவள். ஒண்டிக்கட்டை. வண்டியிலிருந்து அவர்கள் பழத்தை எடுத்துக் கடித்துத் துப்பினால் ஒரு வார்த்தை கேட்க முடியாது. கேட்டால் வண்டியே கவிழும். எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "ஆள் இல்ல சார். வந்ததும் அனுப்புறோம்."

இந்த நிலையில்தான் தொப்பி வந்தது. வந்தது என்ன, மழைதான் கொண்டுவந்தது. ஒரு நாள் ஏட்டம்மா பஸ் நிலையத்தில் ஒரு தகராறை விலக்கிவிட்டுத் தெப்பலாக நனைந்து போனாள். பூத்தைத் திறந்து ஒதுங்கினாள். ஈரத் தொப்பியை ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டினாள், மின்விசிறியைப் போட்டாள், விளக்கைப் போட்டாள். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வர, அப்படியே போட்டது போட்டபடி கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் கும்பிடாத குறை. "ரொம்ப நன்றி ஏட்டம்மா! ஒருவழியா ஆள் போட்டீங்களே. நேத்து ஒரு பய இந்தப் பக்கம் வரல."

ஏட்டம்மா திரும்பிப் பார்த்தாள். வாசல்படியில் ஒரு பாட்டில் துண்டுகூட இல்லை. பால் கண்ணாடிக்குப் பின்னால், ஆளுயரத்தில், தொப்பியின் நிழல் ஜம்மென்று இருந்தது.

இதை அவள் இன்ஸ்பெக்டரிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசையைத் தட்டினார். "இது நல்லா இருக்கே! சம்பளம் கேக்காது, லீவு கேக்காது." ஓய்வுபெற்ற டிரைவரின் பழைய சட்டை ஒன்று வந்தது. நாற்காலியில் தலையணையைக் கட்டி அதற்குச் சட்டையை மாட்டி, ஆணியை இறக்கி அடித்து, கழுத்துக்கு மேல் தொப்பி வருகிற மாதிரி செய்தார்கள். மின்விசிறி ஓடினால் சட்டைக் கை லேசாக ஆடும். பார்க்கிறவனுக்கு உள்ளே ஒருத்தர் எழுதிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். யார் கேட்டாலும் "உள்ளே ஆள் இருக்கு" என்று மட்டும் சொல்லவேண்டும் என்பது உத்தரவு. சாயங்காலம் விளக்கைப் போடுவதும் காலையில் அணைப்பதும் ஏட்டம்மாவின் வேலை. இருக்கிற வேலை போதாதென்று இது வேறு!

ஆனால் அந்த முனை மூச்சு விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். விசிலன் கோஷ்டி பஸ் நிலையத்தின் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டது. பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள். பழக்காரம்மா வண்டியை பூத் ஜன்னலுக்குக் கீழேயே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போகுமுன் வண்டியிலிருந்து நல்ல ஆரஞ்சு ஒன்றைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்து, "தம்பி, சாப்பிடுப்பா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

காலையில் விளக்கை அணைக்க வரும் ஏட்டம்மா அந்தப் பழத்தைப் பார்த்துத் திகைத்தாள். அங்கேயே விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அதனால் நாற்காலிச் சட்டைக்கு எதிரே நின்றபடி உரித்துத் தின்றாள். இரவெல்லாம் விழித்த வாய்க்கு அது தேவாமிர்தமாக இருந்தது. அடுத்த நாளும் ஒரு பழம். அதற்கடுத்த நாளும். போகப்போக, விடியும்போதே அவள் நாக்கு அந்தப் பழத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது. தனக்கென்று யாரோ எடுத்துவைத்தது என்று அவள் வாழ்க்கையில் அதிகம் இருந்ததில்லை.

"உங்க ஆளு ரொம்ப அமைதி, ஏட்டம்மா" என்றாள் பழக்காரம்மா ஒரு நாள். "நான் என்ன பேசினாலும் கேட்டுக்கிறான். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லக்கா" என்றாள் ஏட்டம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"என் தங்கச்சி பொண்ணு ஒருத்தி இருக்கா. கொஞ்சம் வாயாடி. இவன்தான் அவளுக்குச் சரி. பேசிப் பாருங்களேன்."

ஏட்டம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கணவனும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "அந்தம்மாகிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லக்கூடாதா? பாவம், தனியா இருக்கிறவங்க. அதை நம்பித்தானே அங்க நிக்கிறாங்க?"

"வெளியில சொல்லக்கூடாதுன்னு ஐயா உத்தரவு" என்றாள். அது உண்மைதான். சொன்னால் பழம் நின்றுவிடும், 'தம்பி'யும் நின்றுவிடும் என்பதும் உண்மை. அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

குட்டு முதலில் உடைந்தது யாருக்கு என்றால், உடையக்கூடாத ஆளுக்கு. விசிலன் ஒரு நாள் தூரத்தில் நின்று ஒரு கூழாங்கல்லை எறிந்தான். கண்ணாடியில் டக்கென்று பட்டது. நிழல் அசையவில்லை. இன்னொன்று எறிந்தான். எந்தப் போலீஸ்காரன் இரண்டாவது கல்லுக்கும் சும்மா இருப்பான்? அவ்வளவுதான், அவனுக்குப் புரிந்துவிட்டது. உடனே ஆட்டம் போடவில்லை, அதுதான் அவன் குசும்பு. பூத்தைத் தாண்டும்போதெல்லாம் கோஷ்டியே நின்று, "வணக்கம் சார்! நல்லா இருக்கீங்களா சார்!" என்று விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டுப் போனது.

இதைப் பழக்காரம்மாதான் ஏட்டம்மாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள். "பசங்க திருந்திட்டாங்க ஏட்டம்மா! தம்பியைப் பார்த்தா சல்யூட் அடிக்கிறாங்க. மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை!"

அந்தச் சல்யூட்டின் அர்த்தம் ஏட்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"ஐயா, அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு அதை எடுத்துடுவோம், இல்லேன்னா நிஜமாவே ஒரு ஆளைப் போடுங்க."

"ஆள் எங்கம்மா இருக்கு?" என்று அவர் எரிந்து விழுந்தார். "உன்னைப் பாதியா வெட்டி அங்க பாதி, இங்க பாதி வைக்கட்டுமா? நாளைக்குப் பக்கத்து ஊர்ல மந்திரி விழா. ஸ்டேஷனே காலியாகப் போகுது. அது முடியட்டும், பார்க்கலாம்."

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவர் முகத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பைகள் தொங்கின. அவரும் வீட்டைப் பார்த்து நாளாகியிருந்தது.

போகிற வழியில் பழக்காரம்மாவிடம் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அக்கா, உள்ளே யாரும் இல்ல, வண்டியை மருந்துக்கடைப் பக்கம் தள்ளிக்கோ.' அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பழக்காரம்மா வியாபாரத்தில் இருந்தாள், கையைத் தூக்கிச் சிரித்தாள். விழா முடிந்து வந்து பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏட்டம்மாவும் கையைத் தூக்கிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தி சாய்கிற நேரம். ஏட்டம்மா பக்கத்து ஊரில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மேடையில் யாரோ, ஊரில் சட்டம் ஒழுங்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். அவர் குரல் குரலாகவே இல்லை.

ஸ்டேஷனில் ஆள் இல்லை என்பது விசிலன் கோஷ்டிக்கும் தெரிந்திருந்தது. மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்தார்கள். வண்டியை பூத்தடியிலிருந்து பஸ் நிழற்குடைக்கு அப்பால்வரை உருட்டிக்கொண்டு போய், பழங்களை எடுத்து ஒருவன் மேல் ஒருவன் எறிந்து விளையாடினார்கள். பின்னாலேயே வந்த பழக்காரம்மா முன்பு போல் பயப்படவில்லை. அவளுக்குத்தான் தம்பி இருக்கிறானே! "இருங்கடா, உள்ளே ஆள் இருக்கு" என்று சத்தம் போட்டாள். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிக்கொண்டு ஓடினாள். திறந்திருந்த மருந்துக்கடையைத் தாண்டி, ஆட்கள் நின்ற பஸ் நிழற்குடையையும் தாண்டி, நேரே பூத்தின் கதவுக்கு ஓடினாள்.

"தம்பி! கதவைத் திறப்பா! தம்பி!"

இரண்டு கையாலும் தட்டினாளாம். ஏட்டம்மா விழாவுக்குக் கிளம்புமுன் போட்டுவிட்டுப் போன விளக்கு உள்ளே எரிந்தது. சட்டைக் கை ஆடியது. தட்டத் தட்ட அவர்களுக்குச் சிரிப்பு அதிகமானது. "சார், எழுந்திருங்க சார், அக்கா கூப்பிடுறாங்க!" என்றான் விசிலன். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து அவள் மேலேயே தள்ளிவிட்டான். படியிலிருந்து விழுந்தவளின் இடுப்பில் வண்டி ஏறியது.

"என் கடைக்குள்ள வந்திருந்தா இழுத்து ஷட்டரைப் போட்டிருப்பேன் ஏட்டம்மா" என்று அழுதார் மருந்துக்கடைக்காரர். "என் முன்னாடியேதான் ஓடினாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

மந்திரி பேசி முடிக்கும்வரை ஏட்டம்மா அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. அன்று மட்டும் அவளுக்கு நின்றபடி தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பழக்காரம்மா வரிசைக் கட்டில்களுக்கு நடுவே ஒரு கட்டிலில் கிடந்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஏட்டம்மா வரும் வழியெல்லாம், அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டும், காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளவேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். பழக்காரம்மா திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்:

"அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு? அவனையும் அடிச்சுப் போட்டுட்டாங்களா? நான் அவ்வளவு கூப்பிட்டும் வரலையே. அவன் அப்படி விடுற புள்ள இல்லையே!"

மாற்றல் ஆகிப் போய்விட்டான் என்று சொல்லிவிடலாமா என்று ஏட்டம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இன்னும் ஒரு பொய்யா என்று அவள் மனசே அவளைக் கேட்டது.

"உள்ளே யாரும் இல்லக்கா" என்றாள். "என்னைக்குமே யாரும் இல்ல. தலையணையில சட்டையை மாட்டி வச்சிருந்தோம். மேல தொப்பி. ஆள் இல்லாததால அப்படிச் செஞ்சோம்."

பக்கத்துக் கட்டில்காரி இருமி ஓய்ந்தாள். பிறகு பழக்காரம்மா கேட்டாள்.

"அப்போ பழம்?"

ஏட்டம்மா தலை குனிந்தாள். "நான்தான்க்கா சாப்பிட்டேன்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

"நல்லதாப் பார்த்து, பொறுக்கிப் பொறுக்கி வச்சேனே" என்றாள் பழக்காரம்மா. கையை மெல்ல உருவிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏட்டம்மா பார்வை நேரம் முடியும்வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் திரும்பவேயில்லை.

விசிலனைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்தான். வேறு முனைக்குப் போய் விசிலடித்தான். வேடிக்கை என்னவென்றால், தொப்பி யோசனை மேலிடத்துக்குப் பிடித்துப்போய்விட்டது. மற்ற பூத்களிலும் அதே மாதிரி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வயிறு எரிகிறதா இல்லையா! ஏட்டம்மா அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து இன்ஸ்பெக்டர் மேசை மேல் வைத்தாள்.

"என் டூட்டி முடிஞ்சதும் அந்த பூத்துல நானே உட்கார்றேன் ஐயா."

"அது டூட்டியில சேராதும்மா."

"சேரவேண்டாம்."

அவர் சட்டையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். அன்றிலிருந்து ஏட்டம்மா சாயங்காலம் அங்கேதான். குளிர்காலமானாலும் கதவை அகலத் திறந்து வைத்தாள், போகிறவர்கள் எல்லாம் தன் முகத்தைப் பார்க்கட்டும் என்று. கணவன் வேலை முடிந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பான். "கட்டின புருஷனுக்கே பூத்துலதான் தரிசனம்" என்பான். வெறும் வாய்தான் அப்படிச் சொல்லும். பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பான்.

மாதங்கள் கழித்துப் பழக்காரம்மா கோலை ஊன்றிக்கொண்டு திரும்ப வந்தாள். வண்டியை இப்போது மருந்துக்கடை வாசலில், பூத்துக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். ஏட்டம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். போய்ப் பேசத் துணிவில்லை. அந்தத் தலை ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்று இருந்தது. வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை. ஜன்னல் விளிம்பைத் தினமும் துடைத்து வைத்தாள்.

ஒரு நாள், கோர்ட்டில் காவலுக்கு நின்று, ஸ்டேஷனில் இரவும் பார்த்து, மறுபடி பகலும் பார்த்துவிட்டு பூத்துக்கு வந்தாள். காற்றும் மழையுமாகச் சாரல் மேசைவரை அடித்தது. வேறு வழியில்லாமல் கதவைச் சாத்தினாள். விளக்கைப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றினால் தூங்கிவிடுவோம் என்று கழற்றாமலே இருந்தாள். விழித்தபோது மழை விட்டு, கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன.

காலையில் மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கேட்டார். "நேத்து சாயங்காலம் நீங்க வரலையா ஏட்டம்மா?"

"வந்தேனே. உள்ளேதான் இருந்தேன்."

அவர் கை நின்றுவிட்டது. "ஐயோ! பழக்காரம்மா வந்தாங்களே. மழையில, கோலை ஊன்றிக்கிட்டு, ரோட்டைத் தாண்டி. கையில ஒரு ஆரஞ்சு வேற. கதவைத் தட்டினாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. கண்ணாடியில எட்டிப் பார்த்துட்டு அப்படியே திரும்பிட்டாங்க. என்னம்மான்னு கேட்டேன். 'தொப்பிதான் இருக்கு'ன்னாங்க."

ஏட்டம்மா நகரவில்லை. பழக்காரம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்வரை அங்கேயே காத்திருந்தாள். வந்ததும் எதிரே போய் நின்றாள்.

"அக்கா, நேத்து நான் உள்ளேதான் இருந்தேன். சத்தியமா இருந்தேன்க்கா. ரெண்டு நாளாத் தூங்கல, அசந்துட்டேன். உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். நீ தட்டினது கேக்கல."

பழக்காரம்மா பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட ஏட்டம்மா தாங்கியிருப்பாள்.

"சரி ஏட்டம்மா" என்றாள். "இருந்தீங்கன்னே வச்சுக்குவோம்."

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் ஆரஞ்சு கேட்டார். பழக்காரம்மா தராசை எடுத்தாள்.